அக்டேயும் அக்ட்சியேயும்

டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

கண்ணைத் திறந்தால் இருட்டு. ஜன்னலுக்கு வெளியே இறங்குகிற ரோலாடன் திரையை அடிவரை இறக்கிவிட்டுப் படுக்கிறவன் நான். கீழே தபால்பெட்டிகளின் மூடி ஒவ்வொன்றாக விழுகிறது, அவ்வளவுதான். இரவு வேலை என்பது, ஊர் முழித்திருக்கிற நேரத்தில் அதன் சத்தங்களை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற தொழில். வாசிக்கிற உங்களிலும் பலர் இந்தச் சாதிதான் என்பதால் விளக்கத் தேவையில்லை. தபால்காரன், குப்பை லொறி, மேல்வீட்டுக்காரியின் தூசி உறிஞ்சி, எல்லாரும் எங்களுக்கு எதிராகத்தான் பகலில் வேலைக்குப் போகிறார்கள்.

ஜேர்மனியில், கொலோனுக்குப் பக்கத்தில் இரும்பு அலுமாரி செய்கிற கொம்பனி எங்களுடையது. கந்தோர்களில் கோப்பு அடுக்குவார்களே, அந்த அலுமாரி. நான் பெயின்ற் அடிக்கிற பகுதி. எனக்கு அடுத்த பகுதியில் இலாச்சி, அதுதான் இழுப்பறை, பூட்டுகிறவர் அருளப்பு அண்ணை, மன்னார்க்காரர், என்னைவிட நல்லாய் மூத்தவர். வீடும் முற்றத்துக்கு அந்தப் பக்கம், என் ஜன்னலுக்கு நேரே. அவருடைய மனைவி திரேசா அக்கா பள்ளிக்கூடம் துப்புரவாக்கப் போவா, பகலில். அவர் காலையில் உள்ளே வர அவ வெளியே போவா. லீவு நாளிலும் அவருக்கு இரவில் நித்திரை வராது. இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் அவர்கள் குடும்பம் நடத்தியது வாசல் நிலையில்தான். அண்ணைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு திட்டம் இருந்தது. அறுபத்துமூன்றில் வேலையை விட்டு, இரவில் வீட்டில் படுப்பது. அதற்காகச் சேர்த்ததை எல்லாம் கொம்பனியின் பங்குகளில்தான் போட்டிருந்தார். அன்றைக்குத் தபால்பெட்டியில் விழுந்த கடிதம் கொம்பனி முறிந்துபோனதாகச் சொன்னது. நான் அவருடையதையும் வாசித்துச் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்:

"திரேசா குறட்டை விடுறவவோ எண்டு எனக்கு இன்னும் வடிவாத் தெரியாது தம்பி."

மூன்றாவது சும்மா

எப்படி வாங்கினார் என்பதைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. தொண்ணூறுகளின் கடைசியில் உடுப்பு மாற்றுகிற அறையில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். வேலைக்காரர் அக்ட்சியே வாங்கலாம், இரண்டு வாங்கினால் மூன்றாவது சும்மா, வயதுபோன காலத்துக்கு உதவும். அக்ட்சியே என்றால் பங்கு. ஜேர்மன் எழுத்தில் அதன் நடுவில் ஒரு சின்ன 'இ' இருக்கும். அது இல்லாவிட்டால் அக்டே. அக்டே என்றால் கோப்பு. கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி மேற்குப் பக்கம் வந்து சேர்ந்த எங்களுக்கு இந்த நாடு முதன்முதலாகத் தந்தது ஒரு அக்டேதான். பெயரைக் கேட்கமுதல் அக்டே இலக்கத்தைக் கேட்பார்கள். அது தொலைந்தால் ஆளும் தொலைந்தமாதிரி. போதாததற்கு நாங்கள் செய்கிற சாமானும் அக்டே அலுமாரி. அண்ணை அந்த அறிவித்தலில் என்னத்தை வாசித்திருப்பார் என்று நீங்களே யோசியுங்கோ.

அந்தக் கிழமை நான் காய்ச்சலில் வீட்டில். அவர் ஒருவரையும் கேட்காமல் கையிருப்பை வழித்துத் துடைத்துப் போட்டுவிட்டார். ஒரு வருடம் கழித்து, பங்குதாரர் கூட்டத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோதுதான், தன்னை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு என்னிடம் கொண்டுவந்தார். "கொம்பனி என்ர பேரிலை அக்டே திறக்குது எண்டெல்லோ நினைச்சனான். அக்டே கூடின ஆளை இந்த நாட்டிலையிருந்து லேசிலை அனுப்ப ஏலாதே." நான் அந்த 'இ'யைக் காட்டி விளங்கப்படுத்தினேன். பங்கு விலை அப்போது ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் போய், அங்கே கொடுத்த சொசேஜைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த அடுத்த வருடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். கூட்டத்தால் வந்த அன்று என் கதவைத் தட்டிச் சொன்னது இது:

"பிழையா விளங்கினதும் நல்லதுக்குத்தான் தம்பி."

உரிமையாளர்

எனக்கும் கொஞ்சப் பங்கு இருந்தது. அது போனதால் என் வாழ்க்கைத் திட்டம் எதுவும் குலையவில்லை, அப்படி ஒன்று இருக்கவில்லை என்பதால். ஆனால் அண்ணைக்கு வழி தேடவேண்டும் என்று எனக்குள் ஒரு அந்தரம். நித்திரை வராத பகல்களில் நூலகத்துக்குப் போய்ச் சட்டப் புத்தகம் எடுத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படித்தவன் இல்லை, அகராதியோடு பத்திரிகை வாசித்துப் பழகினவன். ஒரு வசனத்தின் வினைச்சொல் அடுத்த பக்கத்தில் இருந்தது. அங்கே போய்ச் சேரமுன் நித்திரையாகிவிட்டேன்.

கொம்பனியைப் பொறுப்பெடுக்க நீதிமன்றம் ஒரு நிர்வாகியை அனுப்பியது. வயது குறைந்த, மரியாதையான மனிதர். கன்ரீனில் கூட்டம் வைத்து ஒழுங்காக விளங்கப்படுத்தினார். வாங்க ஆள் கிடைக்கும்வரை தொழிற்சாலை ஓடும். வராத சம்பளத்துக்கு வேலைவாய்ப்புக் கந்தோர் மூன்று மாதம் பொறுப்பு. கொம்பனி எழுத்தில் தருவதாகச் சொன்ன ஓய்வூதியத்துக்குச் சட்டப்படி காப்பு இருக்கிறது, அது போகாது. அண்ணைக்கு அந்த வகையில் இருந்தது திரேசா அக்காவின் பஸ் ரிக்கெற்றுக்குத்தான் காணும். பங்கு மட்டும் வேறு விஷயம். கடன் கொடுத்த வங்கி, இரும்பு கொடுத்தவன், வேலை செய்தவன் எல்லாருக்கும் கொடுத்து மிச்சம் இருந்தால்தான் பங்குக்காரனுக்கு, ஏனென்றால் அவன் உரிமையாளன். "திரு அருளப்பு, சட்டத்தின் கண்ணில் நீங்கள் இந்தத் தொழிற்சாலையின் சொந்தக்காரர்களில் ஒருவர்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் சரிந்தார்.

"அப்பிடியெண்டால் போன கிழமை என்னைக் கொண்டு ஏன் கக்கூஸ் கழுவிச்சவை எண்டு ஒருக்காக் கேளும்."

எதிர்ப்பக்கம்

அடுத்தது தொழிற்சங்கம். எங்கள் பிரதிநிதி பெரிய மீசைக்காரர், ஒருத்தரையும் கைவிடாதவர், எனக்கு அவரில் மதிப்பு. சங்கத்தின் சட்டத்தரணியை இலவசமாகப் பிடிக்கலாம் என்று போனேன். சம்பளம், லீவு, வேலைநீக்கம், எதுவென்றாலும் வழக்காடலாம் என்றார். பங்கு வாங்கியது வேலையில் சேராது, அது முதலீடு. வேலைக்காரனாக நட்டப்பட்டால் சங்கம் பக்கத்தில் நிற்கும். பங்குக்காரனாக நட்டப்பட்டால் அண்ணை முதலாளி வர்க்கம், எதிர்ப்பக்கம். அப்படிச் சொல்லிவிட்டு மேசை இலாச்சியை இழுத்தார். எங்கள் கொம்பனியின் இலாச்சிதான், சத்தமில்லாமல் வந்தது. உள்ளே அவருடைய பங்குப் பத்திரங்களும் ஒரு கட்டாக இருந்தன.

"இருங்கோ, கோப்பி குடிப்பம். நானும் எதிர்ப்பக்கம்தான்."

பாலன்

கொலோன் தமிழருக்குப் பாலனைத் தெரியாமல் இருக்காது. பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன். பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு, எங்கே போனாலும் கைப்பையோடு நிற்கிற காப்புறுதி முகவர். வழக்குச் செலவை ஏற்கிற காப்புறுதி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு அண்ணையும் நானும் அவரை மாதா கோயில் வாசலில் மறித்தோம். முழுவதையும் கேட்டார். மிகவும் கவலைப்பட்டார். எடுத்த அன்றைக்கே அது வேலை செய்யாது, சில மாதம் பொறுக்கவேண்டும். அதைவிட முக்கியம், ஏற்கனவே நடந்துபோன ஒன்றுக்கு அது வரவே வராது. சொல்லிக்கொண்டே பைக்குள் இருந்து தாளை எடுத்துவிட்டார்.

"அண்ணை, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த கொம்பனி விழமுதல் ஒரு கையெழுத்தை வையுங்கோ."

மதிப்புள்ள அக்டே

இந்த நாட்டில் தெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எல்லாம் காலை பத்து மணிக்குத்தான் தருவார்கள். பத்து மணி எங்களுக்கு நடுச்சாமம். எத்தனை கந்தோர்க் கதிரைகளில் நானும் அண்ணையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரை கொண்டோம் என்பது அந்தக் கந்தோர்க்காரருக்குத்தான் தெரியும்.

வசதியில்லாதவர் சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்க உள்ளூர் நீதிமன்றம் ஒரு சீட்டுத் தரும். அதற்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சொத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டா. இருக்குது, கொம்பனிப் பங்கு இவ்வளவு என்று அண்ணை எண்ணிக்கையைச் சொன்னார். அம்மாவின் பேனா நின்றுவிட்டது. அவ்வளவு பங்கு உள்ளவருக்கு இலவச ஆலோசனை எதற்கு என்று நினைத்திருக்கவேண்டும். நிலைமையை விளங்கப்படுத்த அண்ணை தானே ஜேர்மனில் இறங்கினார். பதற்றத்தில் அந்த 'இ' மறுபடி விழுந்துவிட்டது. "என்னுடைய அக்டேக்கு ஒரு சதமும் மதிப்பில்லை, அக்டே எல்லாம் குப்பை" என்றார். அம்மாவின் முகம் சிவந்தது. நான் வாய் திறக்கமுதல், அண்ணை நீட்டிய முறிவுக் கடிதத்தை வாசித்து, பெயரைக் கேட்டு, முத்திரை குத்தி, ஆலோசனைச் சீட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னா:

"இந்த நீதிமன்றத்தில் மதிப்பில்லாத அக்டே என்று ஒன்று இல்லை, ஐயா."

கைதட்டியவர்

பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சட்டத்தரணி அம்மா நல்ல கெட்டிக்காரி, பாண் வாசனைக்குள் இருந்தும் மெலிவாக இருந்தா. கொம்பனி விழுவதற்கு முதல் வருடம் கடைசியாக ஒருமுறை வேலைக்காரருக்குப் பங்கு விற்றிருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டா. அந்த முறை மேலாளர் கன்ரீனில் பேசினவர். ஓடர் நிறைந்து வழிகிறது, சேமிப்புப் புத்தகத்தைவிட இது பத்திரம் என்று சொன்னாராம். உண்மையில் கந்தோர்கள் எல்லாம் கொம்பியூட்டருக்கு மாறி, பெரிய வாடிக்கையாளர் அலுமாரியே வேண்டாம் என்று ஏற்கனவே எழுதியாயிற்று. தெரிந்துகொண்டு மறைத்ததை நிரூபித்தால் நட்டஈடு கேட்கலாம். சாட்சி வேணும்.

அந்தக் கூட்டம் காலையில் நடந்தது, இரவு வேலை முடிந்த கையோடு. எங்கள் பகுதியில் எல்லாரும் அங்கே இருந்தோம். மேலாளர் சொன்ன வார்த்தை என்ன என்று அம்மா ஒவ்வொருவராகக் கேட்டா. எங்களோடு வேலை செய்த துருக்கிக்காரருக்கு ஹீற்றரின் சூடு நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்கு எதிரே தொங்கிய மணிக்கூடு. அண்ணை மட்டும் ஒளிக்காமல் சொன்னார்: "எல்லாரும் கைதட்ட நான் முழிச்சிட்டன். முழிச்சிட்டு நானும் தட்டினன்." நல்ல காலம், பகல் வேலைக்காரர் சிலர் வார்த்தை பிசகாமல் சொன்னார்கள். வழக்கை எல்லாருக்குமாகச் சேர்த்துப் போடலாம் என்று ஆயிற்று. அண்ணை கடைசிமுறை வாங்கியதோ கொஞ்சம். பெரிய தொகை முதல் வருடத்தில் போட்டது, கொம்பனி உண்மையாகவே நன்றாக ஓடிய வருடம். அதற்கு வழியில்லையா என்று கேட்டேன்.

"பொய் சொன்னதற்கு வழக்குப் போடலாம். நம்பினதற்கு ஒருவர்மேலும் போட முடியாது."

ஒரு கேள்வி, ஒரு பதில்

எழும்பும்போது அம்மா சும்மா கேட்டா, முதல் வருடமே ஏன் இவ்வளவு வாங்கினார் என்று. அண்ணை சும்மாதான் அக்டே கதையைச் சொன்னார். அம்மா எழும்பியவ திரும்ப இருந்தா. ஒன்று என்று நினைத்து வேறொன்றுக்குக் கையெழுத்து வைத்தவர், அந்தக் கையெழுத்தைத் திருப்பி எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். முதல் வருடக் காசு முழுவதையும் கேட்கலாம். கிடைக்குமோ இல்லையோ, வாதாட ஒரு பிடி இருக்கிறது. ஒரே நிபந்தனை, பிழை என்று தெரிந்த உடனேயே சொல்லியிருக்கவேண்டும், தெரிந்துகொண்டு வைத்திருக்கக் கூடாது. "பிழை என்று எப்போது அறிந்தார்? ஆறுதலாக மொழிபெயருங்கள், அவசரமில்லை" என்றுவிட்டு அம்மா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டா. கீழே தெருவில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

நான் மொழிபெயர்த்தேன். பிறகு என் சொந்தப் பொறுப்பில் இரண்டு சொல் சேர்த்தேன்: "அண்ணை, இப்பதான் தெரியும் எண்டால் இரவு வேலையை விடலாம்." அவர் கையில் இருந்த தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அறுபத்துமூன்றுக்கு அவருக்கு அதிக காலம் இருக்கவில்லை. பிறகு என்னை விட்டுவிட்டு, தானே ஜேர்மனில், ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார்: "ஒரு வருடத்துக்குப் பிறகு, கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது அறிந்தேன். சொசேஜ் தந்தார்கள்." அம்மா பேனாவை மூடினா. படியால் இறங்கும்போது அவராகத்தான் சொன்னார்:

"அகதி விசாரணையிலை ஒரே கேள்வியை மூண்டு தரம் கேட்டவன். மூண்டு தரமும் ஒரே பதில் சொன்னபடியால்தான் நான் இண்டைக்கு இஞ்சை நிக்கிறன். ஒரு அக்டேக்கை ஒரு கதைதான் தம்பி இருக்கலாம்."

தட்டு

திரேசா அக்காவிடம் அதை எங்கே சொல்வது? வாசல் நிலையில்தான். அடுத்த நாள் காலை அவர் உள்ளே வர அவ வெளிக்கிட, திறப்புக் கோர்வை கை மாறுகிற நேரத்தில் சொன்னார். நானும் பின்னால் நின்றேன், சட்ட விளக்கம் தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று. பங்குக் காசு போனது போனதுதான், இன்னும் இரண்டு வருடமாவது இரவு வேலை என்றார். அக்கா கோட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு கேட்டா. உங்களில் கத்தோலிக்கருக்குத் தெரியும், அண்ணை வீட்டைப்போன்ற கத்தோலிக்க வீட்டில் பங்கு என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒரு சுவாமியாரும் அவருக்குக் கீழே உள்ள சனமும்தான்.

"எனக்குத் தெரிஞ்சது கோயில் பங்கு ஒண்டுதான். அங்கையும் தட்டிலை போட்டது திரும்பி வாறேல்லை. ஆனால் அங்கை ஒருத்தரும் மூண்டாவது சும்மா எண்டு சொல்லேல்லை."

பின்கதவு

கடைசிமுறை விற்றதற்கான வழக்கு ஒரு சமாதானத்தில் முடிந்தது. மேலாளரின் காப்புறுதி கொஞ்சம் கொடுத்தது. பாலன் கேட்டால் சந்தோசப்படுவார். அண்ணைக்கு வந்ததில் அவர் ஒரு மெத்தை வாங்கினார், இரண்டு பேர் படுக்கிறது. நானும் அவரும் சேர்ந்து படிக்கட்டால் ஏற்றினோம். தொழிற்சாலையின் பாதியை வேறு ஒருவன் வாங்கி, இப்போது சமையலறை அலுமாரி செய்கிறான். இலாச்சி அதேதான், இரவு வேலையும் அதேதான். மெத்தையில் அவர் பகலிலும் அவ இரவிலும் படுத்தார்கள்.

ஒருநாள் விடியற்காலை வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கினோம். முன்கதவால் நாங்கள். பின்கதவால், கொலோன் பக்கத்துக் கந்தோர் ஒன்றின் துப்புரவுச் சட்டையோடு திரேசா அக்கா. அண்ணை தெருவில் அப்படியே நின்றுவிட்டார். "என்னப்பா, நீர் இதிலை?" அக்கா பையைத் தோளில் சரியாக்கிக்கொண்டா. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாவாம். கந்தோர்களை இரவில் கூட்டுகிற வேலைக்கு ஒரு மாதம் முன்னமே எழுதிப் போட்டாவாம்.

"நீங்கள் இரவிலை வீட்டை வர ஏலாதெண்டு உங்கட சட்டத்தரணி சொல்லிப்போட்டா. நான் பகலிலை வீட்டை நிக்க ஏலாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அவர்கள் முன்னால் நடக்க, நான் சப்பாத்துக் கயிறு கட்டுகிறவன்போலக் கொஞ்சம் பின்தங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவர்களின் ரோலாடன் கடகடவென்று இறங்கி அடியில் முட்டியது. வந்த காலம்தொட்டு வேலைநாள் ஒன்றில் இருவரும் உள்ளே இருக்க அது இறங்கியதை நான் கண்டதில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் மெல்லக் கேட்டேன், குறட்டை எப்படி அண்ணை என்று. சிவந்த கண்ணோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பகலிலை இப்ப தபால்காரன்ர சத்தமே கேக்கிறேல்லை தம்பி."

சட்டத்தில் எங்களுக்கு என்ன வழி என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதில் கடைசியாகக் கிடைத்த ஒரே வழி, ஒரு பஸ்ஸின் பின்கதவால் இறங்கி வந்தது. கீழே டக் என்று ஒரு மூடி விழுகிறது. நான் எழும்பிப் போய், எதிர் ஜன்னலைப் பார்ப்பதற்காகப் பாதியில் விட்டிருந்த என் ரோலாடனின் வாரைப் பிடித்து மிச்சத்தையும் இறக்குகிறேன்.